22 டிபி-ன்னா அது சத்தம் இல்லைங்க, ஒழுகல்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல இசைத்தட்டு திரும்ப வந்துடுச்சுன்னு முழுப்பக்கம் போட்டிருந்தீங்க, படமெல்லாம் அருமை, எங்க வீட்ல பேத்தி கூட எடுத்துப் பாத்தா, ஆனா கீழ ஒரு கட்டம் கட்டி கார்ட்ரிட்ஜ் (ஊசியும், அது அசையறதை கரண்டா மாத்தற காயிலும் இருக்கற சின்ன டப்பா) வாங்கறவங்க கவனிக்க வேண்டியதுன்னு போட்டு அதுல சேனல் செப்பரேஷன் 22 டிபி (டெசிபல்)-ன்னா சத்தம் கம்மியா வரும் 30 டிபி-ன்னா கணீர்னு வரும்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அதைப் படிச்சதும் கையில இருந்த காபி ஆறிப்போச்சு. நான் பாலிடெக்னிக் ஒண்ணுல எலக்ட்ரானிக்ஸ் லேப் இன்ஸ்ட்ரக்டரா இருந்து ரிட்டயர் ஆனவன். பசங்க ரெக்கார்ட் நோட்ல தப்பு இருந்தா சிவப்பு மையில சுழிக்கிறது பழகிப்போச்சு, அதனால தான் இந்த கடிதம், கொஞ்சம் நீளமா போயிடும், பொறுத்துக்கங்க.

செப்பரேஷனுக்கும் சத்தத்துக்கும் சம்பந்தமே கிடையாது. ஊசி எவ்வளவு சத்தமா தரும்கறது மில்லிவோல்ட் கணக்கு, அது தனி வரி. செப்பரேஷன்கறது இடது பக்கம் மட்டும் வரவேண்டிய சத்தம் வலது பக்கம் எவ்வளவு ஒழுகுதுங்கற கணக்கு. பக்கத்து வீட்டு டிவி நம்ம வீட்ல கேக்கற மாதிரின்னு வச்சுக்கங்க. சுவர் எவ்வளவு தடிப்பா இருக்குன்னு சொல்றது செப்பரேஷன், சுவரைத் தாண்டி வர்ற அந்த சத்தம் தான் கிராஸ்டாக். 20 டிபி-ன்னா பத்துல ஒரு பங்கு ஒழுகுது, 30 டிபி-ன்னா முப்பத்திரண்டுல ஒரு பங்கு, அவ்வளவு தான் விஷயம். சிடி-ல இது 90 டிபி-க்கு மேல சர்வசாதாரணமா வரும், இசைத்தட்டுல 25 வந்தாலே நல்ல ஊசி-ன்னு சொல்லுவாங்க. அப்ப இசைத்தட்டு மட்டமா-ன்னு கேட்டா இல்ல, காது அந்த அளவுக்கு கறாரா கேக்காது, 20 டிபி தாண்டிட்டாலே பாடகர் நடுவுல நிப்பார், வயலின் ஒரு பக்கம் நிக்கும். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி ஒழுகுதாங்கறது தான் முக்கியம். இதைத் தான் யாரும் எழுத மாட்டேங்கறாங்க.

ஏன் ஒழுகுது-ன்னு சொல்லிடறேன். ஸ்டீரியோ ரெக்கார்டுல ஒரே பள்ளம் தான், அந்தப் பள்ளத்துக்கு ரெண்டு சுவர், ஒவ்வொண்ணும் 45 டிகிரி சாய்வு, உள்பக்கச் சுவர்ல இடது சேனல், வெளிப்பக்கச் சுவர்ல வலது சேனல். இந்த யோசனை இங்கிலாந்துல இஎம்ஐ-ல வேலை பாத்த ஆலன் ப்ளம்லின் 1931-லயே பேட்டன்டுக்கு எழுதிக் கொடுத்தது, பாவம் அந்த மனுஷன் 1942-ல ரேடார் சோதிக்கப் போன விமானம் விழுந்து செத்துப்போனார், ஸ்டீரியோ ரெக்கார்ட் கடைக்கு வந்ததை அவர் பாக்கவே இல்ல. அமெரிக்காவுல வெஸ்ட்ரெக்ஸ்காரங்க 1957-ல இதே 45/45 முறையை செஞ்சு காமிச்சாங்க, அடுத்த வருஷமே ரெக்கார்டா வந்துடுச்சு. சரி, ஊசி ஒண்ணு தான், அது ரெண்டு சுவரையும் ஒரே நேரத்துல தடவிட்டுப் போகுது, அந்த ஒரே அசைவை உள்ள இருக்கற ரெண்டு ஜோடி காயில் பிரிச்சு எடுக்கணும், 90 டிகிரி கோணத்துல. ஒரு டிகிரி கோணல் இருந்தா கூட அந்தச் சுவரோட அசைவு இந்தக் காயில்ல கொஞ்சம் விழுந்துடும். கணக்கு போட்டுப் பாருங்க, டேன் 1 டிகிரி 0.0175, அதாவது 35 டிபி. 2 டிகிரி சாஞ்சா 29, 3 டிகிரி சாஞ்சா 25.6, 5 டிகிரி-ன்னா 21. கார்ட்ரிட்ஜ் என்ன விலை-ன்னாலும் இந்தக் கணக்கு மாறாது, நாப்பதாயிரம் ரூபாய் கார்ட்ரிட்ஜை 5 டிகிரி கோணலா மாட்டினா அது 21 டிபி கார்ட்ரிட்ஜ் தான்.

இப்ப பொன்மலை ஒர்க்ஷாப்ல வேலை பாத்து ரிட்டயர் ஆன என் சிநேகிதர் கதைக்கு வர்றேன், அவர் பேர் வேண்டாம், அவரே படிச்சா கோவிச்சுக்குவார். அவர்ட்ட ஒரு பழைய ஜப்பான் பிளேயர் இருக்கு. கச்சேரி ரெக்கார்ட் போட்டா வலது ஓரத்துல கேக்க வேண்டிய மிருதங்கம் நடு வரைக்கும் பரவி வருது, "ச"னா வர்ற இடமெல்லாம் கரகர-ங்குது-ன்னு ஒரு வருஷமா புலம்பல். கடைக்காரர் ஊசி தேஞ்சிடுச்சு-ன்னார், புது கார்ட்ரிட்ஜ் வாங்கினார், அதே கதை. இன்னும் விலை கூட ஒண்ணு வாங்கினார், அப்பவும் அதே கதை. மூணாவது வாங்கப் போறேன்-னு கிளம்பினப்ப தான் நான் நிறுத்தி, கொஞ்சம் இருங்க அளந்து பாத்துடலாம்னேன். என்னத்தை அளக்கறது, காது இருக்கே-ன்னார். காது ஏதோ தப்பு இருக்கு-ன்னு சொல்லும், எங்க தப்பு-ன்னு சொல்லாது. இதை அவருக்கு புரிய வைக்க ரெண்டு டிகாஷன் காபி ஆச்சு.

அளக்க என்ன வேணும்? பெரிய லேப் ஒண்ணும் வேண்டாம். 1970-கள்ல டென்மார்க் ப்ரூல் அண்ட் கேயர் கம்பெனி பேப்பர்ல பேனா ஓடற ரெக்கார்டர் வச்சு அளந்தாங்க, அந்த மெஷின் விலைக்கு அப்ப ஒரு வீடே வாங்கலாம்னு சொல்லுவாங்க. இன்னைக்கு ஒரு லேப்டாப், ஒரு நல்ல யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ், ஆடாசிட்டி மாதிரி இலவச சாஃப்ட்வேர், ஒரு டெஸ்ட் ரெக்கார்ட், தீந்தது. டெஸ்ட் ரெக்கார்டுல பாட்டு இருக்காது, இடது சேனல்ல மட்டும் 1000 ஹெர்ட்ஸ், அப்புறம் வலதுல மட்டும் 1000 ஹெர்ட்ஸ், அப்புறம் கீழ் சுருதியிலேர்ந்து 20,000 வரைக்கும் ஏறிட்டுப் போற ஸ்வீப், இப்படி வரிசையா வெட்டியிருப்பாங்க. ஹைஃபை நியூஸ் பத்திரிகை போட்டது ஒண்ணு இருக்கு, பழைய சிபிஎஸ் லேபரட்டரீஸ் எஸ்டிஆர் 100 மாதிரி தட்டுகள் செகண்ட் ஹேண்ட்ல கிடைக்கும். என்ட்ட இருக்கறது அந்த சிபிஎஸ் தட்டு தான், சிங்கப்பூர்ல இருக்கற மச்சான் பழைய கடையில எடுத்துட்டு வந்தது.

முதல் தடவை அளந்தப்ப நானே ஏமாந்தேன், அதையும் சொல்லிடறேன், இல்லேன்னா அளக்கக் கிளம்பற வாசகர்களும் அதே குழியில விழுவாங்க. இடது சேனல் டோனை ஓட விட்டு ரெண்டு சேனல் லெவல் மீட்டரையும் பாத்தா வித்தியாசம் வெறும் 14 டிபி. என்னடா இது இவ்வளவு மோசமா-ன்னு திகைச்சுட்டேன். அப்புறம் ஸ்பெக்ட்ரம், அதாவது எந்த சுருதியில எவ்வளவு சத்தம்-ன்னு பிரிச்சுக் காட்டற படம், போட்டு பாத்தா தான் புரிஞ்சது, வலது சேனல்ல இருந்தது ஒழுகின 1000 ஹெர்ட்ஸ் மட்டும் இல்ல, 50 ஹெர்ட்ஸ் கரண்ட் ஹம் இருக்கு, பிளேயர் மோட்டார் பேரிங் உருமல் 30 ஹெர்ட்ஸ்க்குக் கீழ இருக்கு, தட்டு சொந்தமா உரசற இரைச்சல் இருக்கு, மீட்டர் எல்லாத்தையும் கூட்டிக் காமிக்குது. சந்தையில ஒருத்தர் பேசறதை எடுக்கப் போய் மொத்த சந்தை இரைச்சலையும் எடுத்த மாதிரி. அதனால 1000 ஹெர்ட்ஸ் இடத்துல இருக்கற உச்சியை மட்டும் ரெண்டு சேனல்லயும் படிச்சு கழிக்கணும். அது தான் சரியான கிராஸ்டாக். அதுக்கும் முன்னாடி ரெண்டு சேனலும் சம லெவல்ல இருக்கா-ன்னு பாத்து வச்சுக்கணும், ஏன்னா கார்ட்ரிட்ஜ்லயே 1.5, 2 டிபி ஏற்றத்தாழ்வு சகஜம், பாக்ஸ்லயே போட்டிருப்பாங்க, பாடகர் ஒரு பக்கமா சாஞ்சு கேக்கறதுக்கு பாதி நேரம் இது தான் காரணம், கிராஸ்டாக் இல்ல.

சிநேகிதர் வீட்டுக்கு எல்லாத்தையும் பைக்ல கட்டிட்டுப் போனேன். பிளேயரை அரை மணி நேரம் சும்மா ஓட விட்டோம், ஊசித்தண்டைப் பிடிச்சுட்டு இருக்கற ரப்பர் குளிர்ல விறைக்கும் சூட்டுல இளகும், ஏசி போட்ட ரூம்லயும் ஏசி இல்லாத ரூம்லயும் அளந்து ஒப்பிடக்கூடாது, நம்ம திருச்சி வெயில்ல சொல்லவே வேண்டாம். அப்புறம் டோன் போட்டோம். இடதுலேர்ந்து வலதுக்கு ஒழுகல் 35 டிபி. வலதுலேர்ந்து இடதுக்கு 18 டிபி.

மனுஷனுக்கு அந்த 35-ஐப் பாத்ததும் வாயெல்லாம் பல்லு. பாத்தியா, பாக்ஸ்ல 22 தான் போட்டிருக்கான் நமக்கு 35 வருது, அருமையான பீஸ் மாட்டியிருக்கு-ன்னார். 18-ஐப் பத்தி பேச்சே இல்ல. நான் சொன்னேன், இந்த 35 தாங்க வியாதிக்கு அறிகுறி.

இந்த இடம் தான் எனக்கு ரொம்ப பிடிச்ச இடம், அதனால நிதானமா சொல்றேன். ஒழுகல்ல ரெண்டு ஜாதி. ஒண்ணு கார்ட்ரிட்ஜோட பிறவிக்குணம், பக்கத்துல பக்கத்துல காயில் இருக்கறதால ஒண்ணோட காந்தப்புலம் இன்னொண்ணுல கொஞ்சம் படும், இது ரெண்டு திசையிலயும் ஒரே மாதிரி, ஒரே போலாரிட்டியில ஒழுகும். ரெண்டாவது கார்ட்ரிட்ஜ் பக்கவாட்டுல சாஞ்சதால வர்றது, இதைத் தான் அசிமத் தப்பு-ன்னு சொல்றது, இதுவும் ரெண்டு திசையிலயும் சம அளவு தான் ஆனா போலாரிட்டி எதிரும் புதிருமா இருக்கும், ஒரு பக்கம் கூட்டல் ஒரு பக்கம் கழித்தல். இப்ப பிறவி ஒழுகல் நூத்துக்கு 7 பங்கு-ன்னு வைங்க, அது 23 டிபி. 3 டிகிரி சாய்வால வர்ற ஒழுகல் நூத்துக்கு 5.2 பங்கு. ஒரு பக்கம் 7-ம் 5.2-ம் சேந்து 12.2, அது 18 டிபி. இன்னொரு பக்கம் 7-ல 5.2 போனா 1.8, அது 35 டிபி. ரெண்டு தப்பு ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிட்டு ஒரு பக்கம் மட்டும் சுத்தமா காமிக்குது. கடன்காரன் ஒரு பாக்கெட்லேர்ந்து எடுத்து இன்னொரு பாக்கெட்ல போட்டு பணக்காரன் மாதிரி காமிக்கற வேலை.

கார்ட்ரிட்ஜ் முன்னாடி ஒரு சின்ன கண்ணாடித் துண்டை தட்டு மேல வச்சு ஊசியை இறக்கிப் பாத்தோம், பிம்பமும் நிஜமும் சேந்து ஒரே கோடா தெரியணும், தெரியல, லேசா மடிஞ்ச கத்தி மாதிரி தெரிஞ்சது. ஹெட்ஷெல், அதாவது ஆர்ம்-ங்கற கையோட நுனியில கார்ட்ரிட்ஜை மாட்டற பாகம், எப்பவோ கீழ விழுந்து முறுக்கிக்கிட்டிருக்கு. அதான் கார்ட்ரிட்ஜ் எத்தனை மாத்தினாலும் அதே நோய், மாட்டற இடமே கோணலா இருந்தா மாட்டற பொருள் என்ன பண்ணும். புது ஹெட்ஷெல் வாங்கற வரைக்கும் தாங்கட்டும்னு ஒரு பக்கத்து ஸ்க்ரூவுக்கு அடியில முட்டு குடுத்தோம். ரெண்டு ஸ்க்ரூவுக்கும் இடைவெளி அரை இஞ்ச், அதாவது 12.7 மில்லிமீட்டர், 3 டிகிரிக்கு கணக்கு போட்டா 0.67 மில்லிமீட்டர் தூக்கணும். அவர் வீட்ல கிடந்த கல்யாணப் பத்திரிகை அட்டையை வெர்னியர்ல அளந்தா 0.33, ரெண்டு மடிப்பு கச்சிதமா சரியாப்போச்சு. முட்டு வச்சதும் ஊசி அழுத்தத்தை திரும்ப தராசுல பாத்தோம், இதை நிறைய பேர் மறந்துடறாங்க. திரும்ப டோன் போட்டோம். இந்தப் பக்கம் 23, அந்தப் பக்கம் 23.

மனுஷன் முகம் சுருங்கிப்போச்சு. என்னய்யா 35-ஐ கெடுத்து 23 ஆக்கிட்டியே-ன்னார். பதில் சொல்லாம நான் கச்சேரி ரெக்கார்டை எடுத்துப் போட்டேன். ஒரு பல்லவி முடியற வரைக்கும் பேசவே இல்ல. அப்புறம் மிருதங்கம் இருந்த பக்கத்து ஸ்பீக்கரை எட்டிப் பாத்தார், அங்க யாரோ உக்காந்திருக்காங்களா-ன்னு பாக்கற மாதிரி.

ஒரு விஷயம் சேத்துச் சொல்லிடணும். சில கார்ட்ரிட்ஜ்ல ஊசி முனையில இருக்கற வைரம் நேரா நிக்கும் உள்ள காயில் கோணலா இருக்கும், அப்ப நம்பரை சமமாக்கறேன்-னு கார்ட்ரிட்ஜை சாச்சா வைரம் பள்ளத்துல கோணலா உக்காரும், தட்டு கெட்டுப்போகும். அரை டிகிரி ஒரு டிகிரின்னா பரவால்ல, அதுக்கு மேல போனா கார்ட்ரிட்ஜையே மாத்தச் சொல்லி கடையில குடுத்துடறது நல்லது. இன்னொண்ணு, டெஸ்ட் ரெக்கார்டை வெட்டின மெஷினுக்கே ஒழுகல் உண்டு, அதைத் தாண்டி நம்மால அளக்க முடியாது. 40 டிபி வந்துச்சு-ன்னு யாராவது சொன்னா மேல சொன்ன கழித்தல் வேலையா இருக்கும்னு முதல்ல சந்தேகப்படுங்க.

மிருதங்கம் சரியாச்சு, "ச" கரகரப்பு போகல. இது ஃப்ரீக்வன்சி ரெஸ்பான்ஸ் கதை, அதாவது கீழ் சுருதியிலேர்ந்து மேல் சுருதி வரைக்கும் சத்தம் சமமா வருதாங்கற கணக்கு. உங்க கட்டத்துல 20 முதல் 22,000 ஹெர்ட்ஸ்-னு போட்டு அதிகமா இருந்தா நல்லது-ன்னு முடிச்சுட்டீங்க. பக்கத்துல பிளஸ் ஆர் மைனஸ் எத்தனை டிபி-ன்னு இல்லாம அந்த நம்பருக்கு அர்த்தமே இல்லைங்க. திருச்சியிலேர்ந்து மெட்ராஸ் வரைக்கும் ரோடு இருக்கு-ன்னு சொல்றீங்க, நடுவுல எத்தனை பள்ளம் எத்தனை மேடு-ன்னு சொல்லல. 8000 ஹெர்ட்ஸ்ல நாலு டிபி மேடு இருக்கற கார்ட்ரிட்ஜும் 22,000 வரைக்கும் ஏதோ ஒரு சத்தம் தரத் தான் செய்யும்.

ஸ்வீப் ஓட்டினோம். 8000, 9000 ஹெர்ட்ஸ் வாக்குல மூணு டிபி-க்கு மேல ஒரு திமில், அதைத் தாண்டினதும் மளமள-ன்னு சரிவு. ஊசி தேஞ்சா இப்படி வராது, இது எலக்ட்ரிக்கல். எம்எம் (மூவிங் மேக்னட், ஊசியோட சேந்து காந்தம் ஆடற ஜாதி) கார்ட்ரிட்ஜ்-ங்கறது ஒரு பெரிய காயில், அவரோடதுல இண்டக்டன்ஸ் 550 மில்லிஹென்றி. அதோட கேபிள் கெபாசிட்டன்ஸும் (மின்சாரத்தைத் தேக்கி வைக்கிற குணம், பிகோஃபாரட் கணக்கு) ஆம்ப்ளிஃபயர் இன்புட் கெபாசிட்டன்ஸும் சேந்தா ரேடியோல ஸ்டேஷன் பிடிக்கற டியூனிங் சர்க்யூட் தான் அது, ஒரு இடத்துல ரெசனன்ஸ் (அந்த சுருதி மட்டும் எகிறறது) வந்தே தீரும். எங்க வரும்கறதை மீதி கெபாசிட்டன்ஸ் தான் முடிவு பண்ணும். அவர் வீட்டு கேபிள் ரெண்டு மீட்டர், மைக் ஒயர் வாங்கி அவரே சால்டர் பண்ணினது, கழட்டி மீட்டர்ல அளந்தா 300 பிகோஃபாரட். ஃபோனோ ஆம்ப், அதாவது ஊசியிலேர்ந்து வர்ற சின்ன சிக்னலைத் தூக்கற ஆம்ப்ளிஃபயர், அதோட இன்புட்ல 220. ஆர்ம் உள்ள ஓடற ஒயர் ஒரு 50. மொத்தம் 570. 550 மில்லிஹென்றியோட இதைப் போட்டா ரெசனன்ஸ் சரியா 9000 ஹெர்ட்ஸ். "ச" எழுத்தோட உசுரே 5000-லேர்ந்து 9000 வரைக்கும் தான் இருக்கு, அங்க போய் திமிலை வச்சா கரகரக்காம என்ன செய்யும். அந்த மாதிரி கார்ட்ரிட்ஜ்க்கு கம்பெனி சொல்றது 100 முதல் 200 பிகோஃபாரட். அந்த வரி கூடவே வர்ற சின்ன பேப்பர்ல இருக்கு. அவர் அதுல தான் பஜ்ஜி எண்ணெய் ஒத்தி எடுத்திருந்தார்.

கேபிளை ஒரு மீட்டராக்கி கெபாசிட்டன்ஸ் கம்மியான ஒயர் போட்டோம், ஆம்ப் உள்ள இருந்த 220-ஐ எடுத்துட்டு சின்னதா ஒண்ணு வச்சோம், மொத்தம் 200 கிட்ட வந்துச்சு. ரெசனன்ஸ் 15,000-க்கு போயிடுச்சு, திமில் கரைஞ்சு போச்சு. செலவு நூத்தி சொச்சம் ரூபாய். அவர் ஏற்கனவே ரெண்டு கார்ட்ரிட்ஜ்க்கு செலவழிச்சதை நான் கேக்கல, அவரும் சொல்லல.

இந்த கெபாசிட்டன்ஸ் தொல்லை எம்எம் ஜாதிக்குத் தான். எம்சி (மூவிங் காயில், காந்தத்துக்குப் பதிலா காயில் ஆடும்)-ங்கற ஜாதியில காயில் தம்மாத்தூண்டு, டெனான் டிஎல்-103 இருக்கே, ஜப்பான் என்எச்கே ரேடியோவுக்காக 1960-கள்ல செஞ்சது இன்னைக்கும் விக்குது, அதுல வர்றது வெறும் 0.3 மில்லிவோல்ட், கேபிள் நீளம் அதை ஒண்ணும் பண்ணாது. ஆனா அந்த 0.3-ஐ தூக்க வேற செலவு.

நான் விழுந்த இன்னொரு குழி. சிபிஎஸ் தட்டை முதன்முதலா என் வீட்ல சாதாரண ஃபோனோ ஆம்ப் வழியா ஓட்டினப்ப 10,000 ஹெர்ட்ஸ்ல 13, 14 டிபி அடியில போய் கிடந்தது. ஊசி செத்துடுச்சு-ன்னே நினைச்சேன். ரெண்டு நாள் கழிச்சு தான் உறைச்சது. சாதாரண ரெக்கார்டை வெட்டும்போது ட்ரெபிளை (மேல் சுருதி) தூக்கி பேஸை (கீழ் சுருதி) அமுக்கி வெட்டுவாங்க, ஆர்ஐஏஏ-ன்னு 1954-லேர்ந்து எல்லாரும் ஒத்துக்கிட்ட கணக்கு, ஆம்ப் அதைத் தலைகீழா பண்ணி சமன் பண்ணும், 10,000-ல 13.7 டிபி இறக்கும், 20,000-ல கிட்டத்தட்ட 19.6 டிபி. ஆனா எஸ்டிஆர் 100 தட்டுல 500 ஹெர்ட்ஸ்க்கு மேல ட்ரெபிளை தூக்காம, ஊசி ஆடற வேகம் எல்லா சுருதியிலயும் ஒரே அளவா இருக்கற மாதிரி வெட்டியிருக்கு. தூக்காததை இறக்கினா என்ன வரும்? அந்த 13.7 தான் வந்தது. ஊசி மேல பழியைப் போட்டுட்டேன், பாவம். அதனால டெஸ்ட் ரெக்கார்ட் வாங்கறவங்க அட்டையில எந்த முறையில வெட்டினது-ன்னு படிச்சுட்டு, ஆர்ஐஏஏ இல்லேன்னா சாஃப்ட்வேர்ல அந்த வளைவை திரும்ப சேத்துட்டு படம் போடணும். நம்ம ஆம்ப்போட ஆர்ஐஏஏ-லயே ஒரு டிபி தப்பு இருந்தா அதையும் ஊசி தலையில கட்டிடுவோம், அதைத் தனியா அளந்து கழிச்சுக்கணும்.

ஸ்வீப்பை சும்மா சும்மா ஓட்டாதீங்க. மேல் சுருதி அலைகள் ரொம்ப நுணுக்கம், 33-ல சுத்தற தட்டோட வெளி ஓரத்துல ஊசிக்கு அடியில ஒரு வினாடிக்கு அரை மீட்டர் பள்ளம் ஓடும், அங்க 10,000 ஹெர்ட்ஸ் அலை 51 மைக்ரான் நீளம். உள் ஓரத்துக்கு வந்தா வேகம் 21 சென்டிமீட்டர் தான், அதே அலை 21 மைக்ரானா நசுங்கிடும். உருண்டை முனை ஊசியோட ஆரம் 15, 18 மைக்ரான். உலக்கையை வச்சு பல் குத்தற கதை. அதனால தான் கச்சேரியில கடைசி பாட்டு எப்பவும் கொஞ்சம் மங்கலா கேக்கும், அதனால தான் நீள்வட்ட ஊசி வந்தது, பக்கவாட்டு ஆரம் 8 மைக்ரானுக்கு வந்துடும். வெளி ஓரத்துல அளந்த ரெஸ்பான்ஸ் உள் ஓரத்துக்கு செல்லாது, பாக்ஸ்ல எந்த ஓரத்துல அளந்தது-ன்னு யாரும் போடறதில்ல.

கிராஸ்டாக்கும் அப்படித் தான், பாக்ஸ்ல போடறது 1000 ஹெர்ட்ஸ் நம்பர், அங்க தான் எல்லா கார்ட்ரிட்ஜும் அழகா இருக்கும், பொண்ணு பாக்க வர்ற அன்னைக்கு எடுத்த போட்டோ மாதிரி. ஆர்ட்டஃபான் 2எம் ரெட்டுக்கு அவங்களே 1000-ல 22 டிபி-ன்னும் 15,000-ல 15 டிபி-ன்னும் ரெண்டையும் போடறாங்க, அந்த நேர்மைக்காகவே எனக்கு அவங்களைப் பிடிக்கும். மேல போகப் போக சுவர் மெலிஞ்சுட்டே வரும், எல்லா ஊசிக்கும் இதே கதி தான். அதனால ஒரு நம்பரா கேக்காம கோடா போட்டுப் பாக்கணும்: மேல சேனலோட ரெஸ்பான்ஸ், கீழ ஒழுகினது, நடுவுல இருக்கற இடைவெளி தான் நிஜமான செப்பரேஷன்.

உங்க கட்டுரையில ரெக்கார்டுல 50,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் பாட்டு இருக்கு-ன்னு ஒரு வரி. இது எங்கேர்ந்து வந்திருக்கும்னு எனக்கு ஒரு ஊகம் உண்டு. 1970-கள் ஆரம்பத்துல ஜப்பான் ஜேவிசி நாலு ஸ்பீக்கர் ரெக்கார்ட் போட்டாங்க, சிடி-4-ன்னு பேர், பின்னாடி ஸ்பீக்கர் சங்கதியை 30,000 ஹெர்ட்ஸ் கேரியர்ல (சங்கதியைச் சுமந்துட்டுப் போற அலை) ஏத்தி அதே பள்ளத்துல வெட்டினாங்க, அதைப் படிக்க 45,000 வரைக்கும் போற ஊசி வேணும், அதுக்காக பிறந்தது தான் ஷிபாட்டா முனை. நாலு ஸ்பீக்கர் செத்துப்போச்சு, ஊசி மட்டும் பொழைச்சுக்கிச்சு. ஊசியால அந்த உயரத்துக்கு போக முடியும்கறது வேற, உங்க வீட்டுத் தட்டுல அங்க பாட்டு இருக்குங்கறது வேற. அது ஃப்ரீக்வன்சி மாடுலேஷன் கேரியர், யார் காதுக்கும் கேக்கறதுக்கு வச்சது இல்ல.

முக்கியமான ஒண்ணு, நம்ம ஊர் வாசகர்களுக்காக. பரண்லேர்ந்து இறக்கி தூசி தட்டற பழைய தமிழ் ரெக்கார்ட் பெரும்பாலும் மோனோ. ஸ்டீரியோ சினிமா பாட்டு இங்க பரவலா வந்ததே 1970-கள் கடைசிக்கு அப்புறம் தான். மோனோ தட்டுல ரெண்டு சேனலும் ஒரே சங்கதி, ஒழுகறதுக்கு ஒண்ணுமே இல்ல, 20 டிபி ஊசியும் 30 டிபி ஊசியும் ஒண்ணு தான், அதுக்காக காசை கொட்டாதீங்க. ஆம்ப்ல மோனோ பட்டன் இருந்தா அமுக்குங்க, பள்ளத்தோட மேல கீழ ஆட்டத்துல வர்ற உருமலும் கரகரப்பும் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிட்டு பாதி போயிடும், பைசா செலவில்லாம. 78 வேக அரக்குத் தட்டுல தயவுசெஞ்சு இந்த எல்பி ஊசியை வைக்காதீங்க, அந்தப் பள்ளம் இதைவிட ரொம்ப அகலம், ஊசி அடியில இருக்கற குப்பையில உக்காந்து உழுதுட்டுப் போகும், அதுக்கு தனி ஊசி இருக்கு.

ஆர்ம் எடையும் ஊசி ரப்பர் இளக்கமும் சேந்து 8-லேர்ந்து 12 ஹெர்ட்ஸ்குள்ள ஆடணும்கறது தனிக்கதை, அது இந்தக் கடிதத்துக்குள்ள அடங்காது, நீங்க இடம் குடுத்தா எழுதறேன்.

இப்போதைக்கு அடுத்த ஞாயிறு இணைப்புல ஒரு மூலையில திருத்தம் மட்டும் போடுங்க: செப்பரேஷன்-னா சத்தம் இல்ல, ஒழுகல். கட்டத்தை திரும்ப போடறதா இருந்தா ஒவ்வொரு கார்ட்ரிட்ஜ்க்கும் பிளஸ் ஆர் மைனஸ் எத்தனை டிபி, எத்தனை பிகோஃபாரட் லோடு-ங்கற ரெண்டு கட்டம் கூட சேத்துப் போடுங்க. சிநேகிதர் உங்க கட்டத்தை கத்தரிச்சு பர்ஸ்ல வச்சிருக்கார், 30 டிபி கணீர்னு வரும்னு போட்டிருக்கு பாருய்யா, இதை வாங்கிடலாமா-ன்னு நேத்து கூட போன் பண்ணினார்.

இப்படிக்கு,
ரிட்டயர் ஆன லேப் இன்ஸ்ட்ரக்டர் ஒருத்தன்,
திருச்சி.